உம்மாவின் சீ.ஆர். கொப்பி: கொழும்பு வாடகை அறைகளின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் பத்தாம் தரத்து வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான். "சேர், எங்கட ஊட்டு மேல்மாடிய வாப்பா ஆப்ல போட்டிருக்கார். வெளிநாட்டு ஆக்கள் வந்து நாலு நாள், அஞ்சு நாள் நின்டுட்டுப் போறாங்க. இப்ப அத ஊடுண்டு சொல்றதா, ஹோட்டல்ண்டு சொல்றதா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்தது. ஏனென்றால் நான் வளர்ந்த வெள்ளவத்தை வீட்டிலும் இதே கேள்வி நாற்பது வருடங்களாக இருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அலுமாரியின் மேல்தட்டில் உம்மாவின் சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் வந்து தங்கியவர்களின் கணக்கு அதில்தான். அன்றிரவு அதை எடுத்துப் புரட்டினேன். அந்த மாணவனுக்கான பதில் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டு இந்தத் தீவுக்கு வந்தார். புத்தளம் பக்கம் கரை இறங்கிய அவரை ஆரியச்சக்கரவர்த்தி விருந்தாளியாக ஏற்று, வேண்டிய ஆட்களையும் கொடுத்து பாவாத மலைக்கு அனுப்பி வைத்தார் என்று அவரது பயணக் குறிப்பு சொல்கிறது. திரும்பும் வழியில் கொழும்பையும் பார்த்து, தீவின் பெரிய, அழகான பட்டினங்களில் ஒன்று என்று எழுதினார். மன்னர் தமிழர், விருந்தாளி மொரோக்கோவிலிருந்து வந்த முஸ்லிம், போன இடம் எல்லா மதத்தாரும் போகும் மலை. அப்போது இங்கே ஹோட்டல் இல்லை. விருந்தாளி என்றால் ஒருவருடைய வீட்டுக்கு வருகிறவர்.

ஹோட்டல் என்ற சாமான் கப்பலோடு வந்தது. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864 இல் திறந்தார்கள். துறைமுக வாசலில் உள்ள கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் 1875 இல் வந்தது. அவை நீராவிக் கப்பலில் வந்த துரைமாருக்கு. நம்மவர்களுக்கு அவற்றின் வாசற்படியும் தெரியாது. வெளியூரிலிருந்து கொழும்புக்கு வந்த சாதாரண ஆள் மடத்தில் படுத்தார், பள்ளிவாசலில் படுத்தார். செட்டியார் தெருவில் நகரத்தார் தங்கள் கிட்டங்கிகளிலேயே வியாபாரமும் செய்து, அங்கேயே உண்டு உறங்கினார்கள். மற்றவர்கள் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்தார்கள்.

இதை மாற்றியது ரயில். வடக்குப் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரைக்கும் முழுமையானது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கு கொழும்புக்கு வந்தார்கள். குடும்பம் ஊரில், சம்பளம் கொழும்பில். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஒரு சமையல்காரரை வைத்து 'சமரி' நடத்தினார்கள். சேர்ந்து வீடெடுக்க முடியாதவர்கள் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்து, சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து 'போடிங்' இருந்தார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை வரைக்கும் போகும் ஒழுங்கைகளில் அப்போது பறங்கியர் குடும்பங்கள் நிறைய. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அந்த வீடுகள் சிலவற்றை தமிழரும் முஸ்லிம்களும் வாங்கினார்கள். எங்கள் மூத்தாப்பா வாங்கியதும் அப்படியொரு வீடுதான். முன்னால் நீண்ட விறாந்தை, பின்னால் மூன்று அறை.

அந்தப் பின் அறைகள் ஏன் வாடகைக்குப் போயின? வறுமை மட்டும் காரணமல்ல. சட்டமும் ஒரு காரணம்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளருக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுத்தது. வாடகையைக் கூட்ட முடியாது. ஆளை எழுப்புவது என்றால் நீதிமன்றத்தில் வருடக்கணக்கு. அடுத்த வருடமே வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எல்லை போட்டது. குடியிருக்க வீடில்லாத எத்தனையோ பேரை இந்த இரண்டு சட்டங்களும் காப்பாற்றின. அதை மறுக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரர் மனதில் ஒரு பயத்தையும் விதைத்தன. முழு வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் போனது போனதுதான். அதனால் என்ன செய்தார்கள்? நாமும் உள்ளே இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் கொடுப்பது. தனி வாசல் வைக்காமல், நம்முடைய குசினியில் சமைத்து, நம்முடைய மேசையில் சாப்பாடு போடுவது. அப்போது வந்தவர் குடியிருப்பாளர் அல்ல, பணம் கொடுக்கும் விருந்தாளி. கொழும்பில் 'பேயிங் கெஸ்ட்' என்ற சொல் பெருகியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

உம்மாவின் கொப்பி 1979 இல் தொடங்குகிறது. இரண்டே நிரல்கள். பெயர், பணம். அவ்வளவுதான். ஊர்கூட எழுதவில்லை. தேவைப்படவில்லை. யார் எந்த ஊர் என்று மேசையில் இருந்து சாப்பிடும்போது தெரிந்துவிடும். வங்கியில் வேலை செய்த ஓர் அண்ணன், தபால் திணைக்களத்தில் ஒருவர், கணக்கியல் படிக்க வந்த ஒரு பெடியன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் கோட்டையில் ரயில் ஏறினால், அறைகள் திங்கள் காலை வரைக்கும் எங்களுக்கு. நானும் தாத்தாவும் அந்தக் கட்டில்களில் ஏறிக் குதிப்போம். ஞாயிறு இரவு உம்மா விரிப்புகளை மாற்றுவார். அந்த அறைகள் வாரத்தில் ஐந்து நாள் அவர்களுடையவை, இரண்டு நாள் எங்களுடையவை. எது யாருடைய வீடு என்று அப்போது நான் குழம்பவேயில்லை.

1983 ஜூலையில் கொப்பி நின்றுவிடுகிறது.

அந்த ஜூலையில் வெள்ளவத்தையில் என்ன நடந்தது என்று இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. தமிழர் வீடு எது, கடை எது என்று தெரிந்துகொள்ள வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அந்த நாட்களைக் கண்டவர்களும் பிறகு எழுதியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சிங்கள வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் பலரை ஒளித்து வைத்ததும் உண்மை, ஒளிக்காமல் கதவைச் சாத்தியதும் உண்மை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானையும் அகதி முகாம்கள் ஆயின. எங்கள் போடிங்காரர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அறைகள் ஏறக்குறைய இரண்டு வருடம் சும்மா கிடந்தன.

அந்த வருடம் நாட்டின் சுற்றுலாவும் சரிந்தது. இலங்கைச் சுற்றுலாச் சபை 1966 இல் தொடங்கியது. 1982 இல் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். ஹிக்கடுவைப் பக்கம் மீனவக் குடும்பங்கள் தங்கள் வீட்டின் முன்னறையை வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் கொடுத்துப் பழகிய காலம் அது. தெற்கில் ஒரு தாய் தன் பிள்ளைகளைக் குசினியில் படுக்க வைத்துவிட்டு நல்ல கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்ததும், வெள்ளவத்தையில் என் உம்மா செய்ததும் ஒரே காரியம். ஆனால் ஒன்றுக்குப் பெயர் சுற்றுலா, மற்றதற்குப் பெயர் போடிங். ஒன்று அரசாங்கப் புள்ளிவிபரத்தில் ஏறியது. மற்றது சீ.ஆர். கொப்பியில் நின்றது.

1990 இல் கொப்பியில் ஒரு வித்தியாசமான பக்கம். பெயர்கள் இருக்கின்றன, பணம் நிரல் வெறுமை. அந்த ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். சோனகத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் பெரியம்மாவும் பிள்ளைகளும் கொழும்புக்கு வந்தார்கள், ஒரே ஒரு பையோடு. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்று ஹதீஸில் நாம் படித்திருக்கிறோம். விருந்தாளி வீட்டுக்காரரைக் கஷ்டத்தில் போடுமளவுக்குத் தங்கக் கூடாது என்றும் அதே ஹதீஸில் உண்டு. பெரியம்மா இதை அடிக்கடி சொல்லி அழுவார். அவர்கள் மூன்று வருடம் இருந்தார்கள். ஒரு நாள்கூட அவர் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்காமல் திறந்ததில்லை. சொந்தத் தங்கச்சியின் வீடு!

தொண்ணூறுகளில் வெள்ளவத்தை மறுபடியும் நிரம்பியது. வேடிக்கையான விசயம், எந்த இடத்தில் எரித்தார்களோ அந்த இடத்துக்கே போருக்குப் பயந்த தமிழர்கள் வந்தார்கள். 'குட்டி யாழ்ப்பாணம்' என்ற பெயர் நிலைத்தது. கொட்டாஞ்சேனையில் லொட்ஜுகள் பெருகின. துறைமுகம் பக்கம், புறக்கோட்டை பக்கம், ஜம்பட்டா வீதியில் கோயில், கொச்சிக்கடையில் அந்தோனியார். வீசாவுக்குக் காத்திருந்தவர்கள், ஏஜென்டுக்குக் காசு கட்டிவிட்டு இருந்தவர்கள், கனடா மாப்பிள்ளையைப் பார்க்க வந்த பெண் வீட்டார், மகனைத் தேடி ஒவ்வொரு தடுப்பு முகாமாக ஏறி இறங்கிய தாய்மார், ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் எல்லோரும் அங்கேதான். ஒரு வாரம் என்று வந்து ஒரு வருடம் இருந்தவர்கள் உண்டு. சுவரில் வீட்டுச் சாமிப் படத்தை மாட்டி, மேசையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து, லொட்ஜ் அறையையே வீடாக்கினார்கள்.

உம்மாவின் கொப்பியில் நிரல்கள் கூடுவதும் இப்போதுதான். 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதற்குப் பிந்திய பக்கங்களில் ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த திகதி என்று கோடு போட்டிருக்கிறது. இன்னும் சில பக்கம் தள்ளி 'வந்த காரணம்'. வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கேட்டால் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும் என்பது 1865 ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது, 76 ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் எழுதி வைத்துப் போனது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் அது தமிழர் வாழும் ஒழுங்கைகளில் அன்றாட வேலையாகியது. படிவத்தை நிரப்பி வாப்பா கையொப்பம் வைப்பார். யோசித்துப் பாருங்கள். பகலில் 'பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா' என்று கேட்ட மனிதர், இரவில் அதே பிள்ளை எதற்காகக் கொழும்புக்கு வந்தாள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்காரரும் அவரே, காவல்காரரும் அவரே.

இனி எழுதப் போவதை வாப்பா மௌத்தான பிறகுதான் என்னால் எழுத முடிகிறது.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வர விமானம் அல்லது திருகோணமலைக் கப்பல். 2007 இன் தொடக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும் எங்கள் பின்னறைக்கு வந்தார்கள். மகளுக்குக் கனடா வீசா. அந்த அம்மா உம்மாவுக்கு ஒடியல் கூழ் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். உம்மா அவருக்கு வட்டிலப்பம். மே மாதம் கொழும்பில் கெடுபிடி கூடியது. தக்க காரணமில்லாமல் லொட்ஜுகளில் தங்கியிருப்போர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற கதை அடிபட்டது. இரண்டு முறை வீட்டுக்குச் சோதனை வந்தது. வாப்பா பயந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் ஆசிரியர் நியமனம், தாத்தாவுக்குக் கல்யாணப் பேச்சு. 'கொஞ்ச நாளைக்கு வேற இடம் பாருங்க' என்று அவர் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. 'நீங்கள் இவ்வளவு நாள் வச்சிருந்ததே பெரிய காரியம் ஐயா' என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்குப் போனார்கள்.

ஜூன் 7 அதிகாலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை எழுப்பி, சாமான்களைக் கட்டச் சொல்லி, பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, ஜூன் 8 இல், நீதிமன்றம் இதைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாகக் கவலை தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள்.

அந்த அம்மாவும் மகளும் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் இருந்தார்கள். வவுனியாவிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். உம்மாதான் எடுத்தார். வாப்பா பக்கத்தில் நின்றார், வாங்கவில்லை. கொப்பியில் 'போன திகதி' என்ற நிரலில் வாப்பாவின் கையெழுத்தில் 29.05.2007 என்று இருக்கிறது. ஒன்பது நாள். எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் விரட்டப்பட்ட பெரியம்மாவை வைத்திருந்த அதே அறையிலிருந்துதான் நாங்கள் அவர்களை அனுப்பினோம். வாப்பா அதற்குப் பிறகு அந்த அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால் 'கூரை ஒழுகுது' என்பார். ஒழுகவில்லை.

அதே 2007 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டக் காசில்லாத இரண்டு இளைஞர்கள், மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டு ஹோலில் காற்று மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து அடுத்த வருடம் பிறந்ததுதான் எயார்பிஎன்பி. என் மாணவனின் வாப்பா போட்டிருக்கும் ஆப் அதன் வழிவந்ததுதான். தொடக்கத்தில் அதுவும் ஒரு போடிங்தான், உம்மா செய்த அதே வேலை.

போர் முடிந்த பிறகு சுற்றுலா ஏறியது. 2018 இல் 23 லட்சம் பேர். வெள்ளவத்தையில் பழைய வீடுகளை உடைத்துத் தொடர்மாடிகள் எழும்பின. ஜூலை, ஓகஸ்ட் வந்தால் லண்டன், டொரொன்டோ, பாரிஸ் பிள்ளைகள். ஒரு காலத்தில் வீசாவுக்காக இங்கே அறை எடுத்துக் காத்திருந்தவர்கள், கடவுச்சீட்டோடு திரும்பி வந்து அதே ஒழுங்கைகளில் நாள் வாடகைக்கு ஃபிளட் எடுக்கிறார்கள். இப்போது அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று கணக்கெடுக்கிறார்கள்.

பிறகு 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்ததை கொட்டாஞ்சேனை எப்படி மறக்கும்? பெரிய ஹோட்டல்களைப் பற்றி உலகமே எழுதியது. அந்தக் கொலைகாரர்களில் ஒருவன் அன்று தெஹிவளையில் மிருகக்காட்சிச்சாலைக்கு அருகே ஒரு சிறிய விடுதியில் விருந்தாளியாக நுழைந்து குண்டை வெடிக்க வைத்தான். அங்கே இரண்டு உயிர்கள் போயின. அதை வாசித்த அன்று எனக்கு வெட்கமும் வேதனையும். அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி வீட்டுக்குள் நுழை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அறை கொடுத்தவரின் நம்பிக்கையையே அவன் ஆயுதமாக்கினான்.

அதற்குச் சில மாதம் கழித்து, மகளின் வைத்தியத்துக்காக ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வாரத்துக்கு அறை தேடினேன். தொலைபேசியில் பேசும்வரை அறை இருந்தது. பெயரைச் சொன்னதும் இல்லை. மூன்று இடத்தில் அப்படி. மூன்றாவது இடத்தில் பேசியவர் நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. 'கோபிக்க வேணாம் சேர், வீட்டில பிள்ளைகள் இருக்கு' என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வாப்பாவின் குரல் கேட்டது. அந்த அம்மா ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கொரோனாவும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் வந்தன. எரிவாயு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு டொலர் கொடுக்கும் ஓர் அறை பெரிய உதவி. இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை 'ஹோம்ஸ்டே' என்று ஒரு பதிவு வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டின் அறைகள் என்பதுதான் அதன் அடிப்படை. நியூயோர்க் மாநகரம் 2023 செப்டெம்பரிலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் அங்கேயே இருக்க வேண்டும், இரண்டு விருந்தாளிக்கு மேல் கூடாது, உள் அறைகளைப் பூட்டி வைக்கவும் கூடாது. அதாவது ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருக்க வேண்டும். உலகத்தின் பணக்கார நகரம் ஒன்று சுற்றிச் சுற்றி உம்மாவின் போடிங்குக்கே வந்து நிற்கிறது.

இப்போது அந்த மாணவனுக்குப் பதில்.

மகனே, பணம் வாங்கினால் அது ஹோட்டல், வாங்காவிட்டால் வீடு என்று நினைக்காதே. 1979 இலும் உம்மா பணம் வாங்கினார், அது வீடாகத்தான் இருந்தது. 1990 இல் பணமே வாங்கவில்லை, ஆனால் பெரியம்மாவுக்கு அது கடைசி வரைக்கும் பிறத்தியார் வீடாகவே இருந்தது. நான் பார்த்த அளவில் வித்தியாசம் வேறு இடத்தில். வெளியே நிலைமை கெட்ட நாளில் உள்ளே இருப்பவரைப் பற்றி வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? 'எங்கட ஆள்' என்கிறாரா, 'வந்து தங்கியவர்' என்கிறாரா? அந்த நாள் வரும்வரைக்கும் வீடும் ஹோட்டலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

வந்தவர்களின் கடவுச்சீட்டுப் பிரதியை உன் வாப்பா தொலைபேசியில் வைத்திருப்பார். அதுவும் ஒரு பட்டியல்தான். அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்து அனுப்பச் சொல். எங்கள் வீட்டுக் கொப்பியில் இரண்டு நிரல் எப்படி ஏழு நிரலானது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தம்பி வெளிநாட்டிலிருந்து பேசும்போதெல்லாம் பின்னறையையும் ஆப்பில் போடலாம், திறப்பை வாசலில் ஒரு இலக்கப் பெட்டிக்குள் வைத்தால் யாரும் யாரையும் பார்க்கவே தேவையில்லை என்கிறான். போன கிழமை உம்மா சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு. 'பெட்டி கிட்டி வேணாம். வாறவங்களுக்குக் கதவ நான்தான் தொறப்பேன். முதல் நாள் சாப்பாடு நம்மட மேசையில.'

கொப்பியில் இன்னும் பதினொரு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. புதிதாகக் கோடு போட உட்கார்ந்தேன். எத்தனை நிரல் என்று கேட்டேன். 'ரெண்டு போதும்' என்றார்.